முற்றுப்புள்ளியை முதலில் கற்பிப்போம்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 3 இல் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் ஒரு மாலை, வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்வந்ததைப் பற்றித் தன் கொப்பியில் எட்டு வரிகள் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். எழுத்துப் பிழைகள் இரண்டே இரண்டு. ஆனால் எட்டு வரிகளில் ஓரிடத்திலேனும் வசனம் முடியவில்லை. "வசனம் முடிகிற இடத்தில் புள்ளி வைக்கவில்லையே" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வைச்சிருக்கிறேன்தானே, அம்மப்பா" என்று ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினான். அந்தச் சொல் 'வந்தோம்'. மகர மெய்யின் தலைமேல் புள்ளி சரியாகத்தான் இருந்தது. மெய்யெழுத்தின் மேலே இடுவதும் வசனத்தின் முடிவில் இடுவதும் ஒரு பிள்ளையின் காதுக்கு ஒரே 'புள்ளி'தான் என்பதை, 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். போதாக்குறைக்கு, பரீட்சையில் பெறுவதையும் நாங்கள் புள்ளி என்றே சொல்கிறோம். வசன முடிவில் புள்ளி வைக்காவிட்டால் ஒரு புள்ளி குறையும் என்று வகுப்பில் சொன்னால், எந்தப் புள்ளி எந்தப் புள்ளியைக் குறைக்கிறது என்று அந்தப் பிள்ளை எப்படி அறியும்?

நிறுத்தக்குறிகள் நம் பாடசாலைகளில் கற்பிக்கப்படுவதில்லை என்று முறையிட இக்கடிதத்தை எழுதவில்லை. அவை கற்பிக்கப்படுகின்றன. ஒரு நாள் காற்புள்ளி தொடங்கி அடைப்புக்குறி வரையான பத்துக் குறிகளும் கரும்பலகையில் அட்டவணையாக எழுதப்படுகின்றன, பக்கத்தில் பெயர், அதற்குப் பக்கத்தில் ஓர் உதாரணம். பிள்ளைகள் பார்த்தெழுதுகிறார்கள். மறுநாள், குறிகள் நீக்கப்பட்ட ஒரு பந்தியைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். அதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் எழுதும் கட்டுரையில் அந்தப் பத்தில் ஒன்றையும் காண முடிவதில்லை. பிள்ளையைப் பொறுத்தவரை அவை எழுத்து வேலை முடிந்த பிறகு மேலே தூவுகிற உப்பு. கறி ஏற்கனவே இறக்கியாகிவிட்டது. என் கருத்தில் குறை பிள்ளையிடம் இல்லை. குறிகளைத் தமிழ் வசனத்தின் அமைப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு படத்தொகுதி போலக் கற்பிக்கிறோம். பிழை அங்கேதான் இருக்கிறது.

நம்முடைய இலக்கணப் பெயர்களையே சற்று உற்றுக் கேட்டால் வழி கிடைத்துவிடும். வசனத்தை முடித்துவைக்கும் வினைக்கு வினைமுற்று என்று பெயர். அது முடிகிற இடத்தில் இடும் குறிக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். இரண்டிலும் இருப்பது ஒரே 'முற்று'. முடியாமல் எஞ்சி நிற்கும் வினைக்கு எச்சம் என்று பெயர். 'வந்து', 'பார்த்து', 'ஓடி' என்று எச்சம் நிற்கும் இடத்தில் வசனம் முடிய முடியாது, வேண்டுமானால் சற்றுத் தரித்துப் போகலாம். ஆகவே ஒரு பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: இந்தச் சொல் முடிந்துவிட்டதா, இன்னும் எதையாவது எதிர்பார்க்கிறதா? 'நாங்கள் கடற்கரைக்குப் போய்' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், ஆறு வயதுப் பிள்ளையும் "போய் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும். 'நாங்கள் கடற்கரைக்குப் போனோம்' என்று நிறுத்தினால் அந்தக் கேள்வி வராது. எச்சம், முற்று என்ற சொற்களை அறியாமலே பிள்ளையின் காது அவற்றை அறிந்திருக்கிறது. அந்த அறிவை விரலுக்குக் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை. 'இது எங்கள் வீடு' என்பதுபோல வினையே இல்லாமல் பெயரில் முடியும் வசனங்களும் தமிழில் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்லிக்கொடுக்கலாம். அங்கேயும் காது ஏமாறுவதில்லை.

முற்றுப்புள்ளிக்கு நான் இவ்வளவு முதலிடம் கொடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் வசனம் பேரெழுத்தில் தொடங்குகிறது. பிள்ளை புள்ளியை மறந்தாலும் அடுத்த வசனம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பேரெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் பேரெழுத்தும் இல்லை, சிற்றெழுத்தும் இல்லை. சிங்களத்திலும் அப்படித்தான். ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பாரத்தைத் தமிழில் முற்றுப்புள்ளி ஒன்றே தூக்க வேண்டியிருக்கிறது. கொழும்பில் நம் பிள்ளைகள் பலர் மற்றப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழை ஒரு பாடமாக மட்டும் படிக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் ஒழுங்காக வைக்கும் புள்ளியைத் தமிழ்க் கட்டுரையில் விட்டுவிடுவதை நான் பல கொப்பிகளில் கண்டிருக்கிறேன். அங்கே புள்ளியை நினைவுபடுத்தப் பேரெழுத்து இருந்தது, இங்கே இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காற்புள்ளி இதைவிடச் சிக்கலானது, சுவையானதும்கூட. 'அவன் அழுதுகொண்டே ஓடிய பிள்ளையைப் பிடித்தான்' என்று ஒரு வசனத்தை எழுதி, யார் அழுதது என்று வகுப்பில் கேளுங்கள். பாதிப் பேர் பிள்ளை என்பார்கள். மீதிப் பேர் அவன் என்பார்கள். இரு பக்கமும் சரிதான். 'அவன், அழுதுகொண்டே ஓடிய பிள்ளையைப் பிடித்தான்' என்று எழுதினால் அழுதது பிள்ளை. 'அவன் அழுதுகொண்டே, ஓடிய பிள்ளையைப் பிடித்தான்' என்று எழுதினால் அழுதது அவன். சொற்கள் ஐந்தும் அதே வரிசையில் இருக்க, ஒரு சிறு கோடு இடம் மாறியதால் கண்ணீர் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்கு மாறிவிடுகிறது. நான் கற்பித்த காலத்தில், மற்றைய நாட்களில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இந்த உதாரணத்தின்போது திரும்பி உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். இருபது விதிகளை மனனம் செய்விப்பதைவிட இப்படி நான்கு வசனங்களைப் பிள்ளைகளின் வாயாலேயே வாசிக்கச் செய்வது மேல்.

இதற்குப் பதிலாகச் சில ஆசிரியர்கள் ஆங்கிலப் புத்தகத்தில் வரும் அந்தப் பழைய வேடிக்கையைத் தமிழாக்கிச் சொல்கிறார்கள்: காற்புள்ளி இருந்தால் பாட்டியைச் சாப்பிட அழைக்கிறோமாம், இல்லாவிட்டால் பாட்டியையே சாப்பிடுகிறோமாம். ஆங்கிலத்தில் அது பொருந்தும். தமிழில் பாட்டியைச் சாப்பிட வேண்டுமானால் 'பாட்டியை' என்று இரண்டாம் வேற்றுமை உருபு வந்தே ஆக வேண்டும். 'பாட்டி சாப்பிடுவோம்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினாலும் பாட்டிக்கு ஒன்றும் ஆகாது. வேற்றுமை உருபும் வினையின் விகுதியும் எந்தெந்த மயக்கத்தை ஏற்கனவே தீர்த்துவிடுகின்றன, எதை மட்டும் குறிக்கு விட்டுவைக்கின்றன என்பதைப் பார்க்காமல் வேற்று மொழியின் உதாரணத்தைக் கடன் வாங்கினால், குறி எதற்காக என்ற கேள்விக்குப் பிள்ளைக்குப் பொய்யான விடையே கிடைக்கும். 'அரிசி, பருப்பு மற்றும் உப்பு' என்று எழுதும் பழக்கமும் இப்படி வந்ததுதான். 'அரிசியும் பருப்பும் உப்பும்' என்று எழுதினால் காற்புள்ளியே வேண்டியதில்லை, உம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 'அரிசி, பருப்பு, உப்பு ஆகியவை' என்றால் வேண்டும். இரண்டும் நம் முறைகளே. மூன்றாவதான 'மற்றும்' முறையை நாம் ஏன் இவ்வளவு விரும்பி ஏற்றுக்கொண்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குறிகள் ஐரோப்பியப் பாதிரிமாரோடும் அச்சோடும் வந்தவை, தமிழுக்கு அந்நியமானவை, ஆகவே அவற்றில் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் சொல்வதில் முற்பாதி உண்மை. ஏட்டுச்சுவடியில் முற்றுப்புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்று தொல்காப்பியம் சொன்ன மெய்ப்புள்ளியைக்கூட ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். நம் அயல்மொழியான சிங்களத்துக்கு வசன முடிவில் இடக் குண்டலிய என்றொரு சொந்தக் குறி முன்னர் இருந்தது. அதுவும் இன்று வழக்கிழந்து ஐரோப்பியப் புள்ளிக்கு இடம் விட்டுவிட்டது. ஆனால் குறி இல்லாத காலத்துத் தமிழன் நிறுத்தாமல் எழுதினான் என்று கொள்வது பிழை. அவன் சொற்களாலேயே நிறுத்தினான். உரையாசிரியர்கள் ஒரு பொருளைச் சொல்லி முடித்ததும் 'என்றவாறு' என்று எழுதினார்கள். அது ஒரு முற்றுப்புள்ளி. பிறர் கூற்றை 'என்று' என்பதால் மூடினார்கள். அது ஒரு மேற்கோட்குறி. நம் பாட்டனார் காலத்துக் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்குப் பிறகு தனியாக ஒரு 'நிற்க' வரும். அதைவிட வெளிப்படையான நிறுத்தக்குறி உலகத்தில் எந்த மொழியில் இருக்கிறது?

ஒற்று மிகுவதும் மிகாமல் விடுவதும்கூட ஒருவகையில் நிறுத்தக்குறியின் வேலையையே செய்கின்றன. 'கற்க கசடற' என்ற குறளடியை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். 'கற்கக் கசடற' என்று ககர ஒற்று மிகுந்திருந்தால் 'கற்பதற்கு' என்று எச்சமாகிப் பொருள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஒற்று மிகாமல் நிற்பதால் 'கற்க' என்பது வியங்கோள் முற்றாகி, அங்கே ஒரு கட்டளை முடிந்துவிடுகிறது. வள்ளுவர் காற்புள்ளி இடவில்லை. ஆனால் தரிக்க வேண்டிய இடத்தைக் காட்டாமலும் விடவில்லை. இன்றைய எழுத்தில் இந்த உறவு மறுபக்கமாக வேலை செய்கிறது. 'எனக்குக் கண்டியிலிருந்து வந்த மாமா ஒரு பேனை தந்தார்' என்ற வசனத்தில் முதற்சொல்லுக்குப் பின் காற்புள்ளி இட்டால், 'எனக்கு, கண்டியிலிருந்து வந்த மாமா' என்று ஒற்று விழுந்துவிட வேண்டும். நிறுத்தி வாசிக்கும்போது அந்த ஒற்றை ஒலிக்க முடியாது என்பதே காரணம். 'எனக்குக், கண்டியிலிருந்து' என்று இரண்டையும் சேர்த்து எழுதும் பிள்ளை, இரண்டு விதிகளை மனனம் செய்திருக்கிறது, ஒரு தடவையும் உரக்க வாசித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

அந்நியச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு நம் ஊர்ப் பெரியவர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோதும், பிள்ளைகளுக்கான பாலபாடங்களை எழுதியபோதும் இந்தக் குறிகளைத் தயங்காமல் எடுத்தாண்டார். சைவத்துக்காகப் பாதிரிமாரோடு நெடுங்காலம் வாதிட்ட அவருக்கு, அவர்கள் கொண்டுவந்த அச்சுக்கூடமும் குறிகளும் அந்நியமாகப் படவில்லை. தமிழ் வசனத்துக்கு அவை உதவுமா என்பது ஒன்றே அவருடைய கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நிற்க.

குறி பிழைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த அண்ணர் காலமானார். மரண அறிவித்தலை இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்து நானே எழுதினேன். எங்கள் சகோதரர்களில் பெரியக்கா மட்டுமே ஏற்கனவே இறந்திருந்தார். சின்னக்காவும் தம்பியும் நலமாக இருந்தார்கள். 'காலஞ்சென்ற' என்று தொடங்கிப் பெரியக்காவின் பெயரை எழுதி, அதன் பின் ஓர் அரைப்புள்ளியை இட்டு, மற்ற இருவரின் பெயர்களையும் சேர்த்து 'ஆகியோரின் அன்புச் சகோதரரும்' என்று முடித்தேன். இறப்பு அந்த அரைப்புள்ளியைத் தாண்டி வராது என்பது தமிழாசிரியனான என் நம்பிக்கை. மறுநாள் பத்திரிகையில் அரைப்புள்ளி இருந்த இடத்தில் காற்புள்ளி இருந்தது. மூவரும் காலஞ்சென்றிருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து உறவினர் ஒருவர் அழுதுகொண்டே சின்னக்காவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க, மறுமுனையில் சின்னக்காவே எடுத்து, யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அச்சுக் கோத்தவரை நான் அன்று கடுமையாக ஏசினேன். பின்னர் ஆறுதலாக யோசித்தபோது, பிழையில் பெரும்பங்கு என்னுடையது என்று தெரிந்தது. பெரியக்காவின் பெயரோடு 'இனதும்' என்ற உருபைச் சேர்த்து, மற்ற இருவரின் பெயர்களுக்குப் பின் 'ஆகியோரினதும்' என்று எழுதியிருந்தால் குறி எதுவாக இருந்தாலும் உயிரோடு இருப்பவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். வசனத்தைச் சரியாகக் கட்டாமல், அதன் பாரத்தை ஒரு சிறு குறியின் தலையில் ஏற்றிவிட்டேன். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும்: சில இடங்களில் நல்ல தீர்வு குறியை மாற்றுவது அன்று, வசனத்தையே மாற்றுவது.

அரைப்புள்ளியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் நெடுங்காலமாகத் தட்டச்சுக்குப் பயன்பட்டுவரும் பாமினி எழுத்துருவில், ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் மெய்யெழுத்துப் புள்ளி விழும். காற்புள்ளி விசையை அழுத்தினால் 'இ' விழும். இரண்டு குறிகளையும் வேறிடத்தில் தேடித்தான் இட வேண்டும். அரைப்புள்ளி நம் எழுத்திலிருந்து மெல்ல மறைந்துவருவதற்கு இந்த விசைப்பலகையும் ஒரு காரணமோ என்று நான் ஐயுறுவது உண்டு. எவ்வாறாயினும், தரம் 5 வரையில் பிள்ளைகளுக்கு அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் தேவையில்லை என்பதே என் அனுபவம். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுக் குழம்புவார்களே அன்றி வேறு பயன் இல்லை.

வினாக்குறியில் நம் மொழி பிள்ளைகளுக்குப் பெரிய உதவி செய்கிறது. எ, யா, ஆ, ஓ, ஏ என்று வினா எழுத்துகளை நன்னூல் எண்ணியே வைத்திருக்கிறது. 'வந்தானா', 'எங்கே', 'யார்' என்ற சொல்லே வினா என்பதைச் சொல்லிவிடும். சிக்கல் வருவது அந்த வினா இன்னொரு வசனத்துக்குள் அடங்கிவிடும்போதுதான். 'மழை வருமா என்று பார்த்தேன்' என்பதில் நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. ஆனால் பத்தில் ஏழு கொப்பிகளிலாவது 'வருமா' என்பதற்குப் பின் வினாக்குறி நிற்கும். அதேபோல, மேற்கோட்குறியை எங்கே இடுவது என்பது நேர்கூற்று, அயற்கூற்று என்ற பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டால் ஒழிய ஒருபோதும் விளங்காது. அவன், "நான் நாளை வருவேன்" என்றான் என்பதில் குறிக்குள் இருப்பவை அவன் வாயிலிருந்து வந்த சொற்களே. தான் மறுநாள் வருவதாக அவன் கூறினான் என்று மாற்றும்போது நான் தானாகிறது, நாளை மறுநாளாகிறது, மேற்கோட்குறி இல்லாமற்போகிறது. அவன், "தான் நாளை வருவேன்" என்றான் என்று எழுதும் பிள்ளைக்கு யாருடைய குரல் எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடவில்லை. அதற்குக் குறியைத் திருத்திப் பயன் இல்லை. இருவரை எழுப்பி நிறுத்தி ஒருவர் சொன்னதை மற்றவரைக் கொண்டு திருப்பிச் சொல்லவைத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனி, எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி. பழைய ஆசிரியர்கள் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நிறுத்தத்துக்கு அளவு சொல்லிக் கொடுத்தார்கள். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்பது இலக்கணம். கால், அரை, முக்கால், முழு என்ற பெயர்களுக்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது சொல்லப்படுகிறது? என்னிடம் படித்த சிறு வகுப்புப் பிள்ளைகளை, வாசிக்கும்போது காற்புள்ளி வந்தால் மேசையில் ஒரு தட்டும், முற்றுப்புள்ளி வந்தால் நான்கு தட்டும் தட்டச் செய்வேன். முதல் வாரம் வகுப்பறை தச்சுப் பட்டறை போல இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து முறையிட்டதும் உண்டு. மூன்றாம் வாரம் தட்டுவதை நிறுத்திவிடலாம், தரிப்பு குரலில் தங்கிவிடும். அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாசிப்பவர் குறியைக் கண்டு மூச்சை நிறுத்தப் பழகினால், எழுதுபவராக மாறும்போது மூச்சு நிற்கும் இடத்தில் குறியை இடுவார்.

சொல்வதெழுதுதலை இதற்கு நன்றாகப் பயன்படுத்தலாம். ஆனால் நாம் அதை நடத்தும் முறையே அதன் பயனைக் கெடுத்துவிடுகிறது. "மழை பெய்தது முற்றுப்புள்ளி" என்று ஆசிரியரே குறியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். பிள்ளை சொன்னதை எழுதுகிறது. யோசிக்க ஒன்றும் இல்லை. (ஒரு பிள்ளை 'முற்றுப்புள்ளி' என்ற சொல்லையே எழுத்துப் பிழையின்றி எழுதி வைத்ததையும் நான் கண்டிருக்கிறேன்.) குறியைச் சொல்லாமல், குரலால் மட்டும் நிறுத்தி வாசித்துவிட்டு, எங்கே எதை இட்டாய், ஏன் இட்டாய் என்று கேட்பதே முறை. விடைகள் வேறுபடும். காற்புள்ளியில் வேறுபட இடமும் இருக்கிறது. நல்ல எழுத்தாளர் இருவர் ஒரே வசனத்துக்கு வெவ்வேறிடத்தில் காற்புள்ளி இடலாம். முற்றுப்புள்ளியில் அந்தச் சலுகை இல்லை. இந்த வேறுபாட்டைத் திருத்தும்போது நாம் மறந்துவிடுகிறோம். இல்லாத முற்றுப்புள்ளியையும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் நட்டமில்லாத காற்புள்ளியையும் ஒரே சிவப்புப் பேனையால், ஒரே வட்டத்துக்குள் அடைக்கிறோம்.

ஆகவே என் யோசனை எளியது. தரம் 3 இன் மூன்று தவணைகளும் முற்றுப்புள்ளி ஒன்றுக்கே போகட்டும். வினாக்குறி அதனோடு சேர்ந்து தானே வந்துவிடும். தரம் 4 இல் காற்புள்ளி. நேர்கூற்றுக் கற்பிக்கும்போது மேற்கோட்குறி. வியப்புக்குறியைப் பற்றி அவசரமே வேண்டாம், பிள்ளைகள் அதைக் கேட்காமலே அள்ளி இறைப்பார்கள். அதற்கு ஒரே பெயர் இருந்தால் போதும். ஓர் ஆசிரியர் வியப்புக்குறி என்கிறார், அடுத்த வகுப்பில் உணர்ச்சிக்குறி, பிரத்தியேக வகுப்பில் ஆச்சரியக்குறி. பாடத்திட்டத்தை ஆக்கும் மகரகம தேசிய கல்வி நிறுவகமும் பாடநூல்களை வெளியிடும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தரம் 1 தொடக்கம் 11 வரை ஒரே பெயர்த் தொகுதியைக் கடைப்பிடிப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. இரண்டு பொருள் மயங்கும் சிறு வகுப்புகளில், வெறுமனே 'புள்ளி' என்னாமல் 'முற்றுப்புள்ளி' என்று முழுப் பெயரைச் சொல்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் அவசரத்தில், நிதானமாக ஒரு பந்தியை எழுதிப் பார்க்கும் வேளை பிள்ளைகளுக்குக் கிடைப்பதே அரிது என்பதையும் அறிவேன். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். இந்த வாரம் முற்றுப்புள்ளியை மட்டும் பாருங்கள், எழுத்துப் பிழையை அடுத்த வாரம் பார்க்கலாம் என்பதே நான் சொல்லக்கூடியது. பெற்றோரிடமும் ஒன்று கேட்கலாம். வீட்டில் பிள்ளை வாசிக்கும்போது நாளுக்கு அரைப்பக்கம் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். கண்ணால் வாசிக்கும் பிள்ளை குறிகளின்மேல் ஏறிப் போய்விடும். கைத்தொலைபேசியில் அனுப்பும் செய்திகளில் குறி இடாததைப் பற்றி நான் குறைசொல்ல மாட்டேன். அங்கே ஒவ்வொரு செய்தியும் தனித்தனிக் குமிழாக விழுகிறது, குமிழின் விளிம்பே முற்றுப்புள்ளி. கட்டுரைத் தாளில் குமிழ் இல்லை என்பதை மட்டும் பிள்ளைக்கு நினைவூட்டினால் போதும்.

இறுதியாக, தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடநூலுக்கு அடுத்தபடியாக நம் பிள்ளைகளின் கண்ணில் படும் தமிழ் அச்சு நாளிதழே. விபத்தில் மூவர் இறந்த செய்தியின் தலைப்பில் வியப்புக்குறி நிற்கிறது. அதில் வியக்க என்ன இருக்கிறது என்று பேரன் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. 'அமைச்சர் பதவி விலகுகிறார்?' என்று இன்னொரு தலைப்பு. விலகுகிறாரா என்று கேட்கிறார்களா, விலகுகிறார் என்று சொல்கிறார்களா? செய்தி உறுதியாகவில்லை என்பதை அந்தக் குறியால் உணர்த்துகிறார்கள் என்று பெரியவர்களாகிய நமக்குத் தெரியும். வினா எழுத்து இல்லாமல் வினா இல்லை என்று நேற்றுத்தான் படித்த பிள்ளைக்குத் தெரியாது. இது தங்கள் பத்திரிகைக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. எனினும் தலைப்புகளில் முடியாவிட்டாலும் சிறுவர் பக்கத்திலாவது குறிகளை ஒருவர் தனியாகப் பார்த்து அனுப்ப முடியுமானால், அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டவைக்கும் ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும். வாரம் ஒரு முறை, குறி மாறினால் பொருள் மாறும் ஒரு வசனத்தை அங்கே வெளியிடலாம். ஓராண்டுக்குப் போதுமான வசனங்களை நானே எழுதித் தருகிறேன்.

இக்கடிதம் நீண்டுவிட்டது, இடத்தைக் கருதிச் சுருக்குவது தங்கள் உரிமை. அழுதுகொண்டே ஓடிய பிள்ளையைப் பற்றிய பந்தியில் உள்ள காற்புள்ளிகளை மட்டும், அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.